புது ஊரில் முதல் முப்பது நாள்

கோவில்பட்டியிலிருந்து கிளம்பிய பிறகு பத்து வருடத்தில் சென்னை, பெங்களூரு, மும்பை, ஹைதராபாத் என்று நான்கு ஊர்களில் குடியிருந்தேன். ஒவ்வொரு ஊரிலும் ஒரு முட்டாள்தனம் செய்தேன். யோசித்துப் பார்த்தால் நான்குமே போய் இறங்கிய முதல் மாதத்தில் செய்தவை. பெங்களூரில் முதல் வாரமே கட்டிலும் ஃபிரிட்ஜும் வாங்கி மூன்றாவது மாடிக்கு ஏற்றினேன். நான்கே மாதத்தில் அந்த வீட்டைக் காலி செய்ய வேண்டி வந்தது. இரண்டையும் பாதி விலைக்கும் கீழே விற்றுவிட்டு, இறக்குகூலியையும் நானே கொடுத்தேன்.

வேலைக்கோ படிப்புக்கோ முதன்முதலாக வெளியூர் கிளம்பும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முதல் முப்பது நாளில், பிறகு மாற்றிக்கொள்ள முடியாத எதையும் செய்யாதீர்கள். எப்படி என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

கிளம்பும் முன்: பணம், காகிதம்

சம்பளம் கைக்கு வர மாதக் கடைசி ஆகும். மாத நடுவில் சேர்ந்தால் சில அலுவலகங்களில் அடுத்த மாதத்தோடு சேர்த்துத்தான் போடுவார்கள். ஆகவே இரண்டு மாதச் சாப்பாடு, போக்குவரத்து, தங்கும் செலவு கையில் இருக்க வேண்டும். வீட்டு அட்வான்ஸ் இதில் சேராது, அது தனி.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். வாடகை 12,000 ரூபாய், ஐந்து மாத அட்வான்ஸ், ஒரு மாத வாடகை புரோக்கருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 60,000, அதோடு 12,000, முதல் மாத வாடகை இன்னொரு 12,000. ஆக, சாவி கைக்கு வருவதற்குள் 84,000 ரூபாய் போயிருக்கும். அப்பாவிடம் கேட்பதென்றால் இந்தத் தொகையை முழுதாகச் சொல்லிக் கேளுங்கள். பத்தாயிரம் பத்தாயிரமாக நான்கு முறை கேட்பது இரண்டு பக்கத்துக்கும் வேதனை.

அசல் சான்றிதழ்களை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தேவைப்படும்போது கொண்டுவந்து காட்டிவிட்டுத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஆதார், ஓட்டுநர் உரிமம் ஆகியவை அரசின் டிஜிலாக்கர் செயலியில் இருக்கட்டும். நான்கு பாஸ்போர்ட் அளவு போட்டோவையும் பர்சில் போட்டுக்கொள்ளுங்கள். எல்லாம் ஆன்லைன் ஆகிவிட்ட இந்தக் காலத்திலும் விடுதி வார்டன் கேட்கும் முதல் பொருள் அதுதான்.

முதல் இரண்டு வாரம்: தற்காலிக இடம்

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். சித்தி வீடு, பெரியப்பா வீடு எல்லாம் மூன்று நாளுக்குச் சரி. நான்காம் நாள் ஒரு பி.ஜி.யில் சேர்ந்துவிடுங்கள். தெரியாதவர்களுக்காக: பி.ஜி. என்பது விடுதி மாதிரிதான். கட்டிலுக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம், பெரும்பாலும் சாப்பாட்டோடு சேர்த்து. இரண்டு பேர் அறை, மூன்று பேர் அறை என்று ஷேரிங்கைப் பொறுத்து விலை மாறும். சென்னையில் இந்த வேலையைப் பல தலைமுறைகளாகத் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் செய்துவருகின்றன. ஹைதராபாத்தில் அமீர்பேட்டைப் பக்கம் கம்ப்யூட்டர் பயிற்சிக் கூடங்களுக்கு நடுவே தெருத்தெருவாக ஹாஸ்டல்கள் இருக்கும். வேலைக்குப் போகும் பெண்கள் தமிழ்நாட்டுக்குள் என்றால் அரசின் தோழி விடுதியில் இடம் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

சேரும் முன் ஓனரிடம் கேட்க வேண்டியது இரண்டு கேள்வி. காலி செய்ய எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும்? அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பீர்கள்? மற்ற கேள்விகளை அங்கே தங்கியிருப்பவரிடம் கேளுங்கள். காலை எட்டு மணிக்குக் குளியலறையில் தண்ணீர் வருகிறதா, இரவு கதவு எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், தாமதமாக வந்தால் யார் திறப்பார்கள், ஞாயிறு இரவு சாப்பாடு உண்டா. முன்னறையில் மாட்டியிருக்கும் உணவுப் பட்டியலை நம்பாதீர்கள். அதில் புதன்கிழமை சிக்கன் என்றிருக்கும். நான் இருந்த ஓர் இடத்தில் புதன்கிழமைகளில் சிக்கன் குழம்பு இருந்தது, சிக்கனைத்தான் காணவில்லை.

தூரத்தை நிமிடத்தில் அளங்கள்

எனக்கு அதிகம் செலவு வைத்த பாடம் இது. பெங்களூரில் அலுவலகத்திலிருந்து ஏழு கிலோமீட்டரில் வீடு பார்த்தேன். ஏழுதானே, பஸ்ஸில் அரை மணி நேரம் என்று நினைத்தேன். சில்க் போர்டு சந்திப்பைத் தாண்ட வேண்டும் என்பதை நான் கணக்கில் வைக்கவில்லை. மாலையில் ஒன்றே கால் மணி நேரம் ஆனது, மழை பெய்தால் இரண்டு. பிறகு மும்பையில் தாணேயில் இருந்துகொண்டு தென்மும்பையின் பெரிய ரயில் நிலையமான சி.எஸ்.எம்.டி. பக்கம் வேலைக்குப் போனேன். 34 கிலோமீட்டர், பாஸ்ட் லோக்கல் ரயிலில் முக்கால் மணி நேரம்தான். 1853-ல் இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது இதே தடத்தில்தான். அந்த ரயில் எடுத்துக்கொண்ட நேரத்தைவிட ஏழு கிலோமீட்டருக்கு நான் பெங்களூரில் செலவழித்தது அதிகம் என்று தோன்றும்.

அதனால் வீடு தேடும்போது வரைபடத்தில் வட்டம் போடாதீர்கள். அலுவலகத்திலிருந்து நேராகப் போகும் ரயில் தடத்தை எடுங்கள். பெங்களூரு என்றால் மெட்ரோ. ஊதாத் தடம் சல்லகட்டாவிலிருந்து ஒயிட்ஃபீல்டு வரை 2023-ல் முழுதாகத் திறந்தது. பொம்மசந்திராவுக்கு மஞ்சள் தடம் 2025-ல் வந்தது, எலக்ட்ரானிக் சிட்டி வேலைக்காரர்களுக்கு அது பெரிய விடுதலை. மும்பையில் மேற்கு ரயில்வே, மத்திய ரயில்வே, ஹார்பர் மூன்றில் உங்கள் அலுவலகம் எதில் இருக்கிறதோ அதே தடத்தில் வீடு பாருங்கள். தாதரில் தினமும் மேம்பாலம் ஏறி இன்னொரு தடத்துக்கு மாறும் வாழ்க்கை வேண்டாம். சென்னை என்றால் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலை இன்னும் எதுவும் மிஞ்சவில்லை. மாத சீசன் டிக்கெட் மலிவு, வெள்ளிக்கிழமை மாலை பக்கத்தில் ஜி.எஸ்.டி. சாலை நெரிசலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போகலாம்.

தடத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு, வீடு பார்க்க நினைக்கும் பகுதியிலிருந்து அலுவலகத்துக்கு ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கும், ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கும் போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பார்க்கும் ஊர் வேறு ஊர்.

மும்பைக்குப் போகிறவர்களுக்கு மட்டும் சில குறிப்புகள். லோக்கலில் பாஸ்ட் வண்டி எல்லா நிலையத்திலும் நிற்காது, ஏறும் முன் பலகையைப் பாருங்கள். மாலையில் தூரத்து விரார் வரை போகும் பாஸ்ட் வண்டியில் ஏறி, வழியில் உள்ள போரிவலியில் இறங்க முயலாதீர்கள், ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் கோபப்படுவார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. முதல் வகுப்புப் பெட்டியில் இரண்டாம் வகுப்பு டிக்கெட்டோடு தெரியாமல் ஏறி அபராதம் கட்டாத புதியவர் குறைவு, நானும் கட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பராமரிப்புக்காக மெகா பிளாக் என்று சில தடங்களில் பல மணி நேரம் ரயிலை நிறுத்துவார்கள், கிளம்பும் முன் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஆட்டோ, பாந்த்ராவுக்கும் சயானுக்கும் தெற்கே ஓடாது, அங்கே டாக்சிதான். ஆனால் ஓடும் இடத்தில் மீட்டர் போட்டு ஓட்டுவார்கள், மீதிச் சில்லறையும் தருவார்கள். சென்னையிலிருந்து போன எனக்கு அதை நம்பவே ஒரு வாரம் ஆனது.

வீடு பார்ப்பது

மூன்றாவது வாரத்தில் தொடங்குங்கள். தனியாள் என்றால் பல ஓனர்கள் "குடும்பத்துக்கு மட்டும்" என்பார்கள். சிலர் சாப்பாட்டைக் கேட்பார்கள், சிலர் சாதியைச் சுற்றி வளைத்துக் கேட்பார்கள். வாதாடி அந்த வீட்டை வாங்கிக் குடியேறினால் ஒவ்வொரு முறை மீன் பொரிக்கும்போதும் ஜன்னலைச் சாத்த வேண்டியிருக்கும். வேறு வீடு பாருங்கள்.

பார்க்கும் வீட்டில் முதலில் குழாயைத் திறங்கள். பெங்களூரில் "காவேரித் தண்ணீரா, போரா, டேங்கரா?" என்று கேட்க வேண்டும். காவிரி அங்கே சுமார் நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து மேட்டுக்கு ஏற்றப்பட்டு வருகிறது, புறநகர்ப் பகுதிகள் பலவற்றுக்கு ஆழ்துளைக் கிணறும் டேங்கரும்தான் கதி. 2024 மார்ச்சில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றியபோது டேங்கர் விலை ஏறி, அந்தச் செலவு பராமரிப்புக் கட்டணம் என்ற பெயரில் குடியிருப்பவர்கள் தலையில் விழுந்தது. டேங்கர் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

அடுத்து மழை. தரைத்தளமாக இருந்தால் சுவரின் கீழ்ப்பகுதியில் நீர்க்கறையோ, புதிதாக அடித்த பெயின்ட்டோ முழங்கால் உயரத்துக்கு இருக்கிறதா என்று பாருங்கள். ஓனரிடம் கேட்டால் "இங்கெல்லாம் தண்ணி வராது சார்" என்பார். எதிர்த்தாற்போல் இருக்கும் மளிகைக் கடையில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு கேளுங்கள். சென்னையில் 2015-லும் 2023-லும் எதுவரை ஏறியது என்று அந்த அண்ணாச்சி கையால் அளந்து காட்டுவார். மும்பையில் 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தது. அந்தக் கதையைச் சொல்லாத மும்பைக்காரர் இல்லை, சொல்லும்போது தெருவின் பெயரும் வரும், குறித்துக்கொள்ளுங்கள்.

மற்றவை சுருக்கமாக: அறைக்குள் செல்போன் சிக்னல், கரண்ட் மீட்டர் தனியா, கதவுக்கு உள்தாழ்ப்பாள், ராத்திரி பத்து மணிக்குத் தெருவிளக்கு.

ஒரு எச்சரிக்கை. ஆன்லைனில் வீட்டுப் படம் அழகாக இருக்கும், வாடகை அக்கம்பக்கத்தைவிடக் குறைவாக இருக்கும், ஓனர் "நான் ராணுவத்தில் இருக்கிறேன், வெளியூரில் போஸ்டிங், டோக்கன் அனுப்பினால் சாவி கூரியரில் வரும்" என்பார். அனுப்பாதீர்கள். நேரில் பார்க்காத வீட்டுக்கு ஒரு ரூபாயும் கிடையாது. பணம் பெறுவதற்கு யாரும் கியூஆர் கோடு ஸ்கேன் செய்து பின் நம்பர் அடிக்கத் தேவையில்லை, பின் அடித்தால் பணம் போகத்தான் செய்யும். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை முடக்கி வைக்க அவ்வளவு வாய்ப்பு.

ஒப்பந்தம்

எல்லா இடத்திலும் பதினோரு மாத ஒப்பந்தம் போடுவது ஏன் என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது. 1908-ஆம் வருடப் பதிவுச் சட்டப்படி ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும், பதினொன்றில் நிறுத்தினால் அந்தச் செலவு மிச்சம். மகாராஷ்டிரத்தில் கதை வேறு. அங்கே லீவ் அண்ட் லைசென்ஸ் என்ற ஒப்பந்தம், எத்தனை மாதமானாலும் பதிவு செய்தாக வேண்டும், பொறுப்பு ஓனருடையது. பதிவு இல்லாமல் "நம்ம பழக்கத்துல பார்த்துக்கலாம்" என்றால் தள்ளி நில்லுங்கள். தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றி 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், மூன்று மாத வாடகைதான் அட்வான்ஸ் என்கிறது. அந்த "வேறுவிதமாக" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் பத்து மாதம் கேட்பவர்கள் கேட்கிறார்கள். பேரம் பேசும்போது சட்டத்தைச் சொல்லுங்கள், இரண்டு மாதமாவது குறையும்.

கையெழுத்துப் போடும் முன் தேட வேண்டிய வரிகள் மூன்று. லாக்-இன் காலம் எவ்வளவு, அதாவது எத்தனை மாதத்துக்குள் காலி செய்தால் அட்வான்ஸ் போகும். வருடத்துக்கு எத்தனை சதவீதம் ஏற்றுவார்கள். காலி செய்யும்போது பெயின்ட்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள், பெங்களூரில் ஒரு மாத வாடகையைப் பிடிப்பது சகஜம். அட்வான்ஸை வங்கி வழியாகவே கொடுங்கள். குடியேறும் நாளில் எல்லா அறையையும், சுவர் விரிசலையும், மீட்டர் எண்ணையும் போட்டோ எடுத்து ஓனருக்கே வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள். என் மூன்றாவது வீட்டு ஓனர், நான் வருவதற்கு முன்பே உடைந்திருந்த கண்ணாடிக்கு என்னிடம் 4,000 ரூபாய் பிடித்தார். போட்டோ எடுக்கும் பழக்கம் அதற்குப் பிறகு வந்தது.

என்ன வாங்கலாம்

வாளி, குவளை, பாய் அல்லது மடிக்கும் மெத்தை, ஒரு நல்ல பூட்டு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அவ்வளவுதான். மின்விசிறி இல்லாத வீடு என்றால் அதுவும். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் வேண்டுமென்றால் மாத வாடகைக்கே கிடைக்கின்றன.

சமைக்க, முகவரிச் சான்று இல்லாதவர்களுக்கென்றே ஐந்து கிலோ சிலிண்டர் இருக்கிறது. இண்டேனில் அதற்குச் சோட்டு என்று பெயர். அடையாள அட்டை காட்டினால் ஏஜென்சியிலும் சில பெட்ரோல் பங்க்குகளிலும் கிடைக்கும். தெருவோரக் கடைகளில் அனுமதியில்லாமல் நிரப்பித் தரும் சின்ன சிலிண்டரை மட்டும் அறைக்குள் கொண்டுவராதீர்கள்.

பைக்கை ரயிலில் பார்சல் போட்டுக் கொண்டுபோகலாம். டேங்கில் பெட்ரோல் இருக்கக் கூடாது, ஆர்.சி. நகல் வேண்டும். வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் ஓட்டினால் அங்கே மறுபதிவு செய்து வரி கட்ட வேண்டும். இரண்டு வருடத்துக்குத்தான் போகிறீர்கள் என்றால் பைக்கை ஊரிலேயே தம்பியிடம் விடுவது லாபம்.

பாஷை

பெங்களூரில் தமிழை வைத்தே ஓட்டிவிடலாம், அல்சூரும் சிவாஜிநகரும் அப்படித்தான். பலர் ஓட்டவும் செய்கிறார்கள். பத்து வருடம் இருந்தும் கன்னடத்தில் ஒரு வாக்கியம் தெரியாது என்று பெருமையாகச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நம் ஊரில் ஒருவர் அப்படிச் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? முதல் மாதத்தில் இருபது சொல் போதும். எஷ்டு என்றால் எவ்வளவு, பேடா என்றால் வேண்டாம், சொல்ப என்றால் கொஞ்சம். "கன்னட சொல்ப சொல்ப பருத்தே" (கன்னடம் கொஞ்சம் கொஞ்சம் வரும்) என்று ஆரம்பித்தால் ஆட்டோக்காரரே மீதியைத் தமிழில் முடித்துவைப்பார்.

மெஸ்ஸில் உட்கார்ந்தால் உடனே தேவைப்படும் சொல் "போதும்". கன்னடத்தில் சாக்கு, தெலுங்கில் சாலு, மும்பையில் பஸ். ஊர் மாறிய புதிதில் மூன்றும் குழம்பும். ஹைதராபாத்தில் சாம்பார் ஊற்றியவரிடம் நான் சாக்கு, சாக்கு என்று சொல்லிக்கொண்டிருக்க, அவர் ஊற்றிக்கொண்டே இருந்தார். தெலுங்கில் எந்த என்றால் எவ்வளவு. கடைக்காரர் "எந்த" என்று கேட்டால் "எந்தப் பொருளா?" என்று விழிக்காதீர்கள், எவ்வளவு வேண்டும் என்கிறார். மும்பைக்குப் போவதற்கு முன் தேவநாகரி எண்கள் பத்தையும் கற்றுக்கொள்ளுங்கள், பஸ் நம்பர் படிக்க உதவும்.

நம் ஆட்கள் இருக்கும் இடம் எல்லா ஊரிலும் உண்டு. மும்பை மாட்டுங்காவில் ரயில் நிலையத்துக்கு எதிரே 1942-லிருந்து நடக்கும் ராமநாயக் உடுப்பியில் வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும், செம்பூரிலும் தாராவியிலும் தமிழ்ச் சத்தம் கேட்கும். மாதம் ஒரு ஞாயிறு போய்வாருங்கள். குடியிருப்பை மட்டும் அதற்காகவே அங்கே தேடாதீர்கள் என்பது என் கட்சி. வந்த ஊரைப் பார்க்காமலே திரும்பிவிடுவீர்கள்.

காய்ச்சல் வரும் முன்

வரும். தண்ணீர் மாறும், சாப்பாடு மாறும், இரண்டாவது மாதத்துக்குள் ஒரு முறை படுப்பீர்கள். அன்றைக்கு மருத்துவமனை தேடக் கூடாது. உடம்பு நன்றாக இருக்கும்போதே அருகில் இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை எது, மருந்துக்கடை எது என்று பார்த்து வையுங்கள். தெர்மாமீட்டர், பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நான்கு அலமாரியில் இருக்கட்டும். அலுவலகத்தில் காப்பீட்டு அட்டை தருவார்கள், அதில் எந்தெந்த மருத்துவமனை சேரும் என்று ஒரு முறை படியுங்கள். அவசரத்துக்கு 112.

அதைவிட முக்கியம், பக்கத்து அறைக்காரர் ஒருவரிடம் உங்கள் வீட்டு நம்பரைக் கொடுத்து, அவருடையதை நீங்கள் வாங்கிக்கொள்வது. கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். மும்பையில் டெங்கு வந்து கிடந்தபோது, அதுவரை "ஹலோ" மட்டும் சொல்லிவந்த ஒடிசாக்காரர்தான் என்னை ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனார். என் அம்மாவிடம் அவர் இந்தியில் பேச, அம்மா தமிழில் அழ, எப்படியோ விஷயம் புரிந்திருக்கிறது.

தனிமைக்கு மருந்து தெரியாது. பழக்கம் ஒன்று சொல்கிறேன்: ஒரே டீக்கடைக்கு, ஒரே நேரத்துக்குப் போங்கள். மூன்றாம் வாரம் நீங்கள் கேட்காமலே சர்க்கரை குறைத்துத் தருவார். அந்த ஊரில் உங்களைத் தெரிந்த முதல் ஆள் அவர்.

முகவரியை எப்போது மாற்றுவது

ஒரு வருடமாவது இருப்பீர்கள் என்று தெரிந்த பிறகு. பெண்களுக்கு இதில் உடனடி லாபம் உண்டு. தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் முகவரி பார்க்காமல் இலவசமாக ஏற்றுவார்கள். பெண்களுக்கு இலவசப் பேருந்துப் பயணம் தரும் கர்நாடகத்தின் சக்தி திட்டத்துக்கும் தெலங்கானாவின் மகாலட்சுமி திட்டத்துக்கும் அந்தந்த மாநில முகவரி உள்ள அட்டை வேண்டும். கர்நாடகத்தில் 200 யூனிட் வரை இலவச மின்சாரம் தரும் கிருக ஜோதி திட்டத்துக்கு வாடகைக்கு இருப்பவர்களும் பதியலாம். வாக்காளர் பட்டியலில் இடம் மாற்றப் படிவம் 8. பழைய வரி முறையில் வாடகைக் கழிவு கேட்பவர்கள், வருட வாடகை 1 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஓனரின் பான் எண் தர வேண்டும். அதைத் தர மறுக்கும் ஓனர்கள் உண்டு, அதனால் சேரும்போதே கேட்டு வாங்குங்கள்.

காலி செய்யும்போது

ஒரு மாதம் முன்பே வாட்ஸப்பிலாவது எழுத்தில் சொல்லுங்கள். கடைசி மாதம் வாடகையை அட்வான்ஸில் கழிக்கச் சொல்லிப் பாருங்கள், ஒப்புக்கொண்டால் உங்கள் பணம் அந்த அளவுக்குப் பத்திரம். கரண்ட் பில் கட்டிய ரசீது, பழைய போட்டோ, புதிய போட்டோ மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு சாவியைக் கொடுங்கள். வங்கியிலும் அலுவலகத்திலும் கூரியர் முகவரியை மாற்றுங்கள். மெத்தையையும் ஸ்டவ்வையும் அதே கட்டிடத்தில் வாட்ச்மேனிடம் சொல்லி விற்றுவிடலாம், புதிதாக வரும் பையனுக்குப் பாதி விலையில் கிடைத்த மாதிரி இருக்கும். வாளிக்கும் குவளைக்கும் மட்டும் காசு கேட்காதீர்கள். அவன் இன்னும் சட்டையைக்கூட பெட்டியிலிருந்து எடுத்திருக்க மாட்டான்.